ஈராண்டுப் பட்டமும் நம் ஐயங்களும்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்த ஒரு நாளில், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை அருகில் அழைத்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வணிகத்தில் இறங்கியவர். தாம் படிக்காத குறையைப் பிறர் பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தீர்த்துக்கொண்டவர். ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். அவருடைய மூத்த மகன் நியூயார்க் நகரில் பல்லாண்டுகளாகக் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். கடை ஒன்றில் வேலை. வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும் வாழ்க்கை. அவர் மகள் பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் 'லிபரல் ஆர்ட்ஸ்' பயிலப் போவதாக அவள் கூறியிருக்கிறாள்.

"தம்பி, நீங்கள் தமிழ் படித்துக் கொடுப்பவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் படிப்பு இல்லை, என்ஜினீயர் படிப்பு இல்லை, கணக்கும் இல்லை. இரண்டே வருடத்தில் பட்டமாம். அது என்ன பட்டம்? பிள்ளை ஏமாந்து போகாமல் இருக்குமா? மருத்துவக் கணக்கு எழுதும் பயிற்சி ஒன்று ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்கிறான் மகன். அதற்கே அனுப்பலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று கூறி விடைபெற்றேன். அவ்வாறு படித்தவற்றையும், படித்தபின் என் உள்ளத்தில் எழுந்த கருத்தையும் இம்மலரின் வாயிலாக மாணவர், ஆசிரியர், பெரியோர் அனைவர் முன்னும் வைக்கின்றேன். ஏனெனில் ஹாஜியாரின் ஐயம் அவர் ஒருவருடையது அன்று. நம் சமுதாயத்தில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு சொற்களில் எழுந்துகொண்டிருப்பதே அது.

பெயரும் பொருளும்

'லிபரல் ஆர்ட்ஸ்' என்னும் தொடரைத் 'தாராளக் கலைகள்' என்று மொழிபெயர்த்தாரும் உளர். அம்மொழிபெயர்ப்பு பொருளை மறைக்கிறது. இலத்தீன் மொழியில் 'லிபர்' என்பதற்கு அடிமையல்லாத, தன்னுரிமை உடைய என்பது பொருள். உரிமையுள்ள மனிதன், பிறர் ஏவலுக்குத் தொழில் செய்வதற்காக அன்றி, தானே எண்ணவும் பேசவும் தீர்ப்புச் சொல்லவும் கற்கவேண்டிய கலைகளே அப்பெயரால் வழங்கப்பட்டன. இலக்கணம், அளவையியல், சொல்லாற்றல் என்னும் மூன்றும், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் நான்கும் சேர்ந்து ஏழாக இடைக்கால ஐரோப்பாவில் எண்ணப்பட்டன.

அந்த எண்ணிக்கையை விரிவாக்கியதில் அரபு அறிஞர்க்கும் பங்குண்டு. 10ஆம் நூற்றாண்டில் அல்ஃபாராபி அறிவுத்துறைகளை வகைப்படுத்தி எழுதிய 'இஹ்ஸாவுல் உலூம்' என்னும் நூல், 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோ நகரில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அரிஸ்டாட்டிலுக்கு இப்னு ருஷ்து எழுதிய உரைகள் 13ஆம் நூற்றாண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத்தில் பயிலப்பட்டன. ஆகவே இக்கல்வியை நமக்கு முற்றிலும் அயலானது என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. உரிமையுள்ளவனின் கல்வி என்பது நெடுங்காலம் உடைமையுள்ளவனின் கல்வியாகவே இருந்தது. பாடுபட்டு உண்பவனுக்குத் தொழில் போதும். ஓய்வுள்ளவனுக்கே நூல் என்று உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்தப் பிரிவினையை அமெரிக்காவின் அரசுக் கல்லூரிகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதில்தான் ஹாஜியாரின் கேள்விக்கு உரிய விடை இருக்கிறது.

வாயில் திறந்த வரலாறு

1847ஆம் ஆண்டு நியூயார்க் நகர மக்கள் வாக்களித்து, கட்டணமில்லாக் கல்விக்கூடம் ஒன்றை அரசு செலவில் நிறுவ இசைந்தனர். அதற்காக வாதாடியவர் டவுன்செண்ட் ஹாரிஸ் என்னும் வணிகர். அன்று தோன்றிய 'ஃப்ரீ அகாடமி'யே பின்னர் சிட்டி கல்லூரியாக வளர்ந்தது. பல கல்லூரிகளை ஒன்றிணைத்து 1961இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

ஈராண்டுக் கல்லூரியின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்னும் ஊரில் 1901இல், உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கூடி எண்ணியதன் விளைவாக, பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. அமெரிக்காவில் இன்றுவரை தொடர்ந்து இயங்கும் அரசு ஈராண்டுக் கல்லூரிகளில் மூத்தது அதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் நிறுவவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின்னரே 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் அங்குப் பரவலாயிற்று.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். தமிழகத்தில் சமுதாயக் கல்லூரி என்றால் தையல், செவிலியர் உதவி, கணினி இயக்கம் போன்ற தொழிற்பயிற்சி தரும் இடம் என்பதே பலர் எண்ணம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி தொழிற்பயிற்சியும் தருகிறது. அதே கட்டடத்தில், அதே வளாகத்தில், மெய்யியலும் வரலாறும் கவிதையும் கற்பித்து நான்காண்டுப் பட்டத்திற்குப் பாதியளவு வழியும் அமைத்துத் தருகிறது. பெயர் ஒன்றாக இருப்பினும் பணி வேறு என்பதை நாம் உணரவேண்டும்.

நியூயார்க்குக்குத் திரும்புவோம். கட்டணமின்றி நடந்த கல்லூரிகளிலும், மதிப்பெண் என்னும் மதில் இருந்தது. கறுப்பின மாணவரும் போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்தோர் பிள்ளைகளும் 1969இல் சிட்டி கல்லூரியில் போராட்டம் நடத்தினர். அதன் விளைவாக 1970 முதல், நகரின் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவர்க்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்னும் நிலை வந்தது. ஆறே ஆண்டுகளில், நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 1976இல் கட்டணம் விதிக்கப்பட்டது. ஏழை மாணவர் பெருந்திரளாக உள்ளே வந்த சிறிது காலத்திலேயே, நூறாண்டுக்கு மேல் நிலவிய இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1999இல், அடிப்படைப் பயிற்சி தேவைப்படும் மாணவரை நான்காண்டுப் படிப்பில் சேர்ப்பதை நிறுத்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அதன்பின் அத்தகைய மாணவர்க்கு எஞ்சிய முதன்மையான வாயில், அசோசியேட் பட்டம் தரும் ஈராண்டுப் படிப்பே. இன்று அப்பல்கலைக்கழகத்தில் 7 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. ஹாஜியாரின் பேத்தி தட்டவிருப்பது அத்தகைய ஒரு கதவையே.

அறுபது கிரெடிட்டில் அடங்குவன

அசோசியேட் பட்டம் என்பது ஏறத்தாழ 60 கிரெடிட் கொண்ட படிப்பு. இளங்கலைப் பட்டத்திற்கு அங்கே 120 கிரெடிட் வேண்டும். எனவே அளவில் இது பாதி. முழுநேரமாகப் பயின்றால் இரண்டு ஆண்டு; வேலை பார்த்துக்கொண்டு பயில்வோர்க்கு மூன்றும் நான்கும் ஆவதுண்டு.

இப்பட்டங்களுள் ஏ.ஏ. என்பது கலைப் பிரிவு, ஏ.எஸ். என்பது அறிவியல் பிரிவு. இவ்விரண்டும் மேற்படிப்புக்கு வழியாக அமைந்தவை. ஏ.ஏ.எஸ். என்பது நேரே வேலைக்குச் செல்வோர்க்காக வகுக்கப்பட்டது. அதனைப் பெற்றவர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும்போது சில பாடங்கள் கணக்கில் சேராமல் போகக்கூடும். மூன்று எழுத்துக்கும் இரண்டு எழுத்துக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை அறியாமல் சேர்ந்து பின்னர் வருந்துவோர் உண்டு.

லிபரல் ஆர்ட்ஸ் ஏ.ஏ. பட்டத்தில் என்ன கற்பிக்கிறார்கள்? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2013 முதல் தன் கல்லூரிகள் அனைத்திற்கும் பொதுவாக 30 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்தொகுதியை வகுத்துள்ளது. அதில் 12 கிரெடிட் கட்டாயப் பகுதி: ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் 6, கணிதம் 3, உயிரியல் அல்லது பௌதிக அறிவியல் 3. எஞ்சிய 18 கிரெடிட்டை உலகப் பண்பாடுகள், அமெரிக்க மக்களின் பன்மை, கலைப் படைப்பு, தனிமனிதனும் சமூகமும், அறிவியல் உலகம் என்னும் ஐந்து வட்டங்களிலிருந்து மாணவர் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு மேல் உள்ளவற்றை இலக்கியம், வரலாறு, உளவியல், அயல்மொழி, மேடைப்பேச்சு எனக் கல்லூரியின் திட்டத்திற்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளவேண்டும்.

செலவையும் கூறவேண்டும், பெரியவர்கள் முதலில் கேட்பது அதனையே. 2024-25 கல்வியாண்டில் அப்பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் உள்ளூர் மாணவர் முழுநேரமாகப் பயிலக் கட்டணம் ஆண்டுக்கு 4,800 டாலர். நான்காண்டுக் கல்லூரிகளில் 6,930 டாலர். அதே நகரிலுள்ள புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டும். குடியுரிமையோ நிரந்தரக் குடியேற்ற உரிமையோ பெற்ற வறிய மாணவர்க்கு நடுவணரசு தரும் 'பெல்' உதவித்தொகை அவ்வாண்டில் உயர்ந்த அளவாக 7,395 டாலர். அதாவது, தகுதியுள்ள ஏழை மாணவர் ஒருவர் கடன்படாமலே கட்டணத்தைச் செலுத்தி, நூலுக்கும் ஓரளவு ஒதுக்க இயலும்.

ஏழைக்கு இலக்கியம் எதற்கு?

இனி என் கருத்தைக் கூறுகின்றேன். ஆறு மாதப் பயிற்சியில் வேலை கிடைக்கும்போது ஏழை வீட்டுப் பெண்ணுக்கு மெய்யியலும் கவிதையும் எதற்கு என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பசியை அறிந்தவர்கள் அவர்கள். எனினும் அக்கேள்விக்குள், செல்வர் வீட்டுப் பிள்ளை எண்ணுவதற்குக் கற்கட்டும், ஏழை வீட்டுப் பிள்ளை செய்வதற்குக் கற்கட்டும் என்னும் பழைய பிரிவினை மறைந்திருக்கிறது. அறுபதாயிரம் டாலர் கொடுப்பவர்கள் தம் பிள்ளைகளை வரலாறும் இலக்கியமும் அரசியலும் கற்கவே அனுப்புகிறார்கள். அவர்களே பிற்காலத்தில் சட்டம் இயற்றும் அவையிலும், செய்தி எழுதும் மேசையிலும், நீதி வழங்கும் மன்றத்திலும் அமர்கிறார்கள். அக்கல்வி பயனற்றது என்றால் அவர்கள் ஏன் அதனைக் கைவிடவில்லை?

ஆறு மாதத்தில் கற்ற தொழில் ஆறு ஆண்டில் மறையக்கூடும். கணினி வந்தபோது தட்டச்சு நிலையங்கள் எவ்வாறு மூடப்பட்டன என்பதை நம் தலைமுறை கண்ணால் கண்டது. தெளிவாக எழுதவும், ஒரு வாதத்தின் ஓட்டையைக் கண்டறியவும், புதிய துறையைத் தானே கற்கவும் பழகியவர், ஒரு தொழில் போனால் இன்னொன்றைப் பற்றிக்கொள்வர். இதனால் தொழிற்கல்வி தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. தொழிலைத் தானே விரும்பித் தேர்வது வேறு. வேறு வாயில் மூடப்பட்டதால் அதில் தள்ளப்படுவது வேறு.

இக்கல்வியை ஏழைகளுக்குத் தரமுடியாது, அவர்கள் ஆயத்தமாக இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர் அளித்த விடையை இங்குக் குறிப்பிடவேண்டும். 1970இல் வாயில் திறந்தபோது, சிட்டி கல்லூரியில் மினா ஷாகனசி என்னும் ஆங்கில ஆசிரியர் பணியாற்றிவந்தார். புதிதாக வந்த மாணவரின் எழுத்தில் ஒவ்வொரு வரியிலும் பிழை. பலர் அவற்றைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டனர். அவரோ, அம்மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். பிழைகள் தாறுமாறானவை அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர் தாம் அறிந்த மொழியின் விதியைக்கொண்டு அறியாத மொழியை எழுத முயன்றதன் அடையாளமே அவை என்று கண்டார். 1977இல் வெளிவந்த அவருடைய 'எரர்ஸ் அண்டு எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் நூல், எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களின் நோக்கையே மாற்றியது. பிழையைக் கண்டு மாணவனை எடைபோடுவதை விடுத்து, பிழையைக் கொண்டே மாணவனை அறிந்துகொள்ளலாம் என்று அந்நூலால் நான் உணர்ந்தேன். இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திவரும் எனக்கு அது சற்றே வெட்கத்தையும் தந்தது.

ஏணியின் உடைந்த படிகள்

இவ்வளவு கூறியபின், மறுபக்கத்தைக் கூறாமல் விடுவது ஹாஜியாருக்கு நான் செய்யும் துரோகமாகும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் சேர்வோரில் 100க்கு 80 பேர் அளவில் இளங்கலைப் பட்டம் வரை செல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடுதான் நுழைகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகின்றனர். ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெறுவோர் 100க்கு 16 பேர் என்று 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது.

ஏன் இந்நிலை? மாணவர் சோம்பேறிகள் என்று விடை கூறுவது எளிது, அது உண்மையன்று. பலர் பகலில் வேலை பார்த்து மாலையில் வருவோர். சிலர் குழந்தையை வளர்த்துக்கொண்டு பயில்வோர். மேலும், ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொரு கல்லூரி ஏற்க மறுப்பது பெருங்கேடு. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர், தாம் ஈட்டிய கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. உழைத்துப் படித்த பாடத்தை மீண்டும் படி, மீண்டும் பணம் கட்டு என்றால் எத்தனை பேர் தாங்குவர்?

நியூயார்க்கில் 30 கிரெடிட் பொதுத்தொகுதி வகுக்கப்பட்டது இவ்விழப்பைக் குறைப்பதற்காகவே. ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டத்தோடு அதே பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கல்லூரிக்குச் செல்வோர் அத்தொகுதியை முடித்தவராகவே கொள்ளப்படுவர். அதனினும் குறிப்பிடத்தக்கது, 2007இல் அங்குத் தொடங்கிய ஏ.எஸ்.ஏ.பி. என்னும் திட்டம். முழுநேரமாகப் பயில ஒப்புக்கொள்ளும் மாணவர்க்குக் கட்டணத்தில் உதவித்தொகை போக எஞ்சிய குறையும், பாடநூல் செலவும், நகரப் போக்குவரத்துச் செலவும் ஈடுசெய்யப்பட்டன. ஒவ்வொருவரையும் அடிக்கடி சந்தித்து வழிகாட்ட ஓர் ஆலோசகரும் நியமிக்கப்பட்டார். 2015இல் வெளியான ஆய்வின்படி, மூன்றாண்டில் அத்திட்டத்தில் இருந்தவருள் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். அதில் இடம்பெறாத ஒத்த மாணவருள் பட்டம் பெற்றோர் 22 விழுக்காடு. இரு குழுவினரையும் குலுக்கல் முறையில் பிரித்தே ஆய்வு நடந்தது. ஆதலால் மாணவரின் அறிவு வேறுபாடு இதற்குக் காரணம் என்று கூற இடமில்லை. பேருந்துக்குக் காசும், கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தால் பட்டம் பெறுவோர் தொகை இருமடங்கை நெருங்குகிறது என்றால், குறை யாரிடம் இருந்தது என்பது வெளிப்படை.

ஆகவே ஈராண்டுப் பட்டம் மேலே செல்வதற்கு ஒரு படியாக இருக்கும்வரை நன்று. அது வெளியே தள்ளும் கதவாக மாறினால் தீது. இந்தியாவிலும் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் வெளியேறினால் டிப்ளமா என்னும் முறையை முன்வைத்தது. தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை. அரசியலை விடுத்துப் பார்த்தாலும், இடையில் நிற்பவர்க்கு ஒரு தாளைக் கொடுப்பது எளிது. அவர் இடையில் நிற்காமல் காப்பது அரிது. முதலதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது கல்வியாகாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

ஹாஜியாரின் மகனுக்கு நான் எழுதியனுப்பியவற்றை ஈண்டுச் சுருக்கித் தருகின்றேன். இத்தகைய நிலையில் உள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, சேரும் பட்டம் ஏ.ஏ.யா, ஏ.ஏ.எஸ்.ஸா என்பதை விண்ணப்பத்திலேயே பார்க்கவேண்டும். இரண்டாவது, இரண்டாண்டுக்குப் பின் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தைச் சிறப்பாகப் பயில எண்ணம் என்பதை முதல் பருவத்திலேயே ஓரளவு முடிவு செய்து, அக்கல்லூரி ஏற்கும் பாடங்களையே எடுக்கவேண்டும். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் எதையும் எடுக்கலாம் என்று மனம்போனபடி எடுப்போர்தாம் பின்னர் கிரெடிட் இழக்கின்றனர். மூன்றாவது, ஏ.எஸ்.ஏ.பி. போன்ற உதவித் திட்டத்தில் இடம் உண்டா என்று முதல் நாளே கேட்கவேண்டும். நான்காவது, ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் பத்திரப்படுத்தவேண்டும். மாறும்போது இப்பாடத்தில் என்ன படித்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு அதுவே சான்று.

இங்கிருந்து மாணவர் விசாவில் அந்நாட்டு ஈராண்டுக் கல்லூரிகளுக்குச் செல்ல எண்ணும் இளைஞர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய பெல் உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. கட்டணமும் உள்ளூர் மாணவர் செலுத்துவதைவிட மிகுதி. இந்தியாவில் இளங்கலைப் பட்டம் குறைந்தது மூன்றாண்டுப் படிப்பு. எனவே ஈராண்டுப் பட்டத்தோடு திரும்பி வந்து இங்கே முதுகலையில் சேர இயலாது. போனால் இளங்கலை முடியும்வரை தாக்குப்பிடிக்கும் பொருள்வசதி உண்டா என்று கணக்கிட்ட பின்னரே முகவரிடம் பணம் கொடுக்கவேண்டும்.

நம் வகுப்பறை

இவற்றையெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியாரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் பிள்ளை படிக்கட்டும். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கல்லூரி கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, ஒன்று கேட்கலாமா? நம் கல்லூரியில் தமிழ் வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் மேசைக்கடியில் வேறு பாடத்து நோட்டு எழுதுகிறார்களாமே? என் சின்னப் பேரன் சொன்னான்" என்றார்.

உண்மைதான். வணிகவியலும் கணினியும் பயில வருவோர்க்குப் பகுதி 1 என்னும் பெயரில், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், நாங்கள் தமிழ் கற்பிக்கிறோம். நம் பட்டப்படிப்பில் லிபரல் ஆர்ட்ஸ் என்பதற்கு அண்மையில் நிற்பது அந்தப் பகுதியும் ஆங்கிலமும்தாம். எங்கோ ஒரு நகரில் அதற்காக மாணவர் போராடி வாயிலைத் திறந்திருக்க, இங்கே கட்டாயமாகக் கிடைப்பதால் அது தேர்ச்சிக்குரிய தடை என்று எண்ணப்படுகிறது. மாணவர்மீது மட்டும் பழி சுமத்த எனக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் அதே வினாக்களைக் கேட்டு, அதே விடைகளை எதிர்பார்த்து, மாணவன் எண்ணுவதற்கு இடமே தராமல் நடத்துகிறோம். ஒரு மாணவன் தன் ஊரைப் பற்றி, தன் தாயின் உழைப்பைப் பற்றி, தான் கண்ட அநீதியைப் பற்றித் தன் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுத நாம் எத்தனை முறை வாய்ப்பளித்திருக்கிறோம்? பிழையோடு எழுதினான் என்று மதிப்பெண்ணைக் குறைத்த நாம், ஏன் அவ்வாறு எழுதினான் என்று எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்?

வரும் பருவத்திலிருந்து, முதலாண்டு வணிகவியல் வகுப்பில் வாரத்திற்கு ஒரு மணி நேரத்தை இத்தகைய எழுத்துக்கு ஒதுக்க எண்ணியுள்ளேன். அறுபது மாணவர், அறுபது தாள். சிவப்பு மையைச் சற்றே தள்ளிவைத்துவிட்டுப் படிக்கவேண்டும். துறைத் தோழர்களும் விரும்பினால் உடன் வரலாம். பெற்றோரிடமும் சமுதாயப் பெரியோரிடமும் நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் பிள்ளை கடல் கடந்த நகரிலோ உள்ளூரிலோ மொழியையும் வரலாற்றையும் கற்க விரும்பினால், இதனால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் கடமை. விடையைக் கேட்கும் பொறுமையும் உங்களுக்கு இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் அப்பொறுமையை எனக்குக் காட்டினார். அவர் பேத்திக்கு வழி பிறந்தது.